துணை இருந்தால்தான் வட்டு

சாகும் விண்மீன்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் படம் அழகாக இருக்கிற கட்டத்துக்கு நேராகப் போய்விடுவார்கள்: வளைய நெபுலா, ஹீலிக்ஸ் நெபுலா, பட்டாம்பூச்சி நெபுலா. அதற்குக் கொஞ்சம் முந்தைய கட்டம் ஒன்று இருக்கிறது. விண்மீன் தன் மேலுறையை ஏறக்குறைய முழுவதும் இழந்திருக்கும். வெளியேறிய வாயுவை ஒளிர வைக்கும் அளவுக்கு அதன் கரு இன்னும் சூடேறியிருக்காது. சாதாரணத் தொலைநோக்கியில் பார்த்தால் மஞ்சளும் வெள்ளையும் கலந்த நிறத்தில் சாதுவான ஒரு விண்மீன், அவ்வளவுதான். அகச்சிவப்பில் பார்த்தால்தான் சுற்றிலும் என்ன நடக்கிறது என்று தெரியும். இவற்றில் பலவற்றைச் சுற்றி ஒரு தூசு வட்டு சுழன்றுகொண்டிருக்கிறது. நம் சூரியன் பிறந்தபோது அதைச் சுற்றி இருந்ததைப் போன்ற வட்டு. பிறப்பில் இருக்க வேண்டியது சாவுக்கு முன்னால் மறுபடி எப்படி வந்தது என்ற கேள்விதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது.

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. இயற்பியல் படித்தேன், பிழைப்பு வேறு துறையில். ஆனால் இந்த வட்டுகளைப் பற்றி வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகளைப் பல வருடங்களாக விடாமல் படித்து வருகிறேன். பழைய விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவுகளை இப்போது யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு கோப்பை இறக்கி வரைந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அப்படிப் பார்த்தவற்றில் என்னை அதிகமாக யோசிக்க வைத்த விண்மீனிலிருந்து தொடங்குகிறேன்.

மோனோசெரோஸ் விண்மீன் கூட்டத்தில், மிருகசீரிடத்து வேட்டைக்காரனுக்குக் கிழக்கே, ஹெச்டி 44179 என்று ஒன்று இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் ஒன்று அகச்சிவப்பு உணரிகளை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பி வானத்தைத் துழாவியது. ராக்கெட் வளிமண்டலத்துக்கு மேலே இருக்கும் சில நிமிடங்கள்தான் அவகாசம். அந்த அவசரமான தேடலிலேயே இந்த விண்மீன் பளிச்சென்று அகப்பட்டது. பிறகு மார்ட்டின் கோஹனும் அவரோடு இருந்தவர்களும் சிவப்பு ஒளியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். விண்மீனைச் சுற்றி ஒரு செவ்வகம் தெரிந்தது. 1975-ல் வெளியான அவர்களுடைய கட்டுரையிலிருந்து 'சிவப்புச் செவ்வகம்' என்பதே பெயராக நிலைத்துவிட்டது. ஹபிள் எடுத்த படத்தில் அது எக்ஸ் வடிவில், குறுக்குக் கோடுகளோடு தெரிகிறது. நடுவே ஒரு கருப்புப் பட்டை. அதுதான் வட்டு. நமக்குப் பக்கவாட்டில் நிற்பதால் உள்ளே இருக்கும் விண்மீனை மறைத்துவிடுகிறது. நாம் பார்க்கிற வெளிச்சம் வட்டுக்கு மேலும் கீழும் உள்ள தூசில் பட்டுச் சிதறி வருகிற வெளிச்சம்.

இதன் அகச்சிவப்பு நிறமாலையை ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஐஎஸ்ஓ தொலைநோக்கி பதிவு செய்தது. 1995 நவம்பரில் ஏவப்பட்டு 1998 வரை வேலை செய்த தொலைநோக்கி அது. கோப்பைத் திறந்தால் எண்கள்தான்: ஒரு நெடுவரிசையில் அலைநீளம், அடுத்ததில் ஒளியின் அளவு. 2.4 மைக்ரானில் தொடங்கி 45 மைக்ரான் வரை போகும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வரைந்து பார்த்தால் இடது பக்கத்தில் சில கூர்மையான மேடுகள் எழுகின்றன: 3.3 மைக்ரானில் ஒன்று, 6.2-ல் ஒன்று, 7.7, 8.6, 11.3. இவை கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த வளைய மூலக்கூறுகளின் அடையாளம். விறகுப் புகையிலும் டீசல் புகையிலும் அதே குடும்பத்து மூலக்கூறுகள் இருக்கின்றன. சரி, இது கார்பன் மிகுந்த விண்மீன் என்று முடிவு கட்டிக்கொண்டு வலது பக்கம் நகர்ந்தால், 20 மைக்ரானைத் தாண்டியதும் வேறு மேடுகள். 23.7-ல் ஒன்று, 33.6-ல் ஒன்று. இவை ஃபார்ஸ்டரைட் என்ற கனிமத்தின் அடையாளம். மக்னீசியமும் சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம். பூமியின் மேன்டிலில் நிறைந்திருக்கும் ஆலிவின் வகைக் கல்.

இந்த இரண்டும் ஒரே விண்மீனில் இருக்கக் கூடாது. சாகும் விண்மீனின் காற்றில் கார்பனும் ஆக்சிஜனும் முதலில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடாகிவிடும். ஆக்சிஜன் மிஞ்சினால் சிலிக்கேட் தூசு, கார்பன் மிஞ்சினால் கரித்தூசு. ஒரு சமயத்தில் ஏதாவது ஒன்றுதான் மிஞ்ச முடியும். ரென்ஸ் வாட்டர்ஸ் தலைமையிலான குழு 1998-ல் இதற்குச் சொன்ன விளக்கம் எளிமையானது: இரண்டு தூசும் வெவ்வேறு காலத்தவை. விண்மீனில் ஆக்சிஜன் மிகுந்திருந்தபோது வெளியேறிய தூசு ஒரு வட்டாக நின்றுவிட்டது, கலையவில்லை. பின்னால் கரியும் வெளிவந்தது. ஆக, நிறமாலையின் வலது பாதி பழைய கதை, இடது பாதி புதுக் கதை.

நிதானிக்க வேண்டிய இடம் இதுதான். சாகும் விண்மீனிலிருந்து புறப்படும் தூசு வழக்கமாக நிற்பதே இல்லை. வெளியே போகும். போய்க்கொண்டே இருக்கும்.

சூரியனின் எடையில் ஏறக்குறைய எட்டு மடங்கு வரை உள்ள விண்மீன்கள் கடைசியில் ஏஜிபி என்ற நிலைக்கு வருகின்றன. பெருத்துச் சிவந்து, பூமியின் சுற்றுப்பாதை அளவுக்கோ அதற்கு மேலோ விரிந்து, துடிக்கத் தொடங்குகின்றன. துடிப்பு வாயுவை மேலே தூக்குகிறது. தூக்கப்பட்ட வாயு குளிர்ந்து தூசாகிறது. விண்மீனின் ஒளி தூசைத் தள்ள, தூசு வாயுவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. மேலுறை இப்படித் தீர்ந்த பிறகு வரும் குறுகிய கட்டம்தான் நான் முதலில் சொன்னது. போஸ்ட்-ஏஜிபி என்கிறார்கள். சில ஆயிரம் ஆண்டுகள், அதிகம் போனால் பத்தாயிரம் ஆண்டுகள். விண்மீனின் ஆயுளோடு ஒப்பிட்டால் கண் இமைக்கும் நேரம்கூட இல்லை.

அந்தத் தூசு எங்கே இருக்கிறது என்று அகச்சிவப்பு எப்படிச் சொல்கிறது? வெப்பநிலையை வைத்துத்தான். 1,500 கெல்வினில் இருக்கும் தூசு 2 மைக்ரானுக்கு அருகே அதிகம் ஒளிரும். 300 கெல்வின் என்றால் 10 மைக்ரான். 100 கெல்வின் என்றால் 29 மைக்ரான். விண்மீனுக்கு அருகே இருந்தால் சூடு, தொலைவில் இருந்தால் குளிர்ச்சி. ஒற்றைப் புள்ளியாக மட்டுமே தெரியும் ஒரு விண்மீனில்கூட, எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி கூடுதலாக வருகிறது என்று பார்த்தால் தூசு எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

இந்தக் கணக்கைப் பெரிய அளவில் போட முடிந்தது ஐராஸ் துணைக்கோளுக்குப் பிறகுதான். அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து 1983 ஜனவரியில் அனுப்பியது. 57 சென்டிமீட்டர் கண்ணாடி. தொலைநோக்கியே சூடாக இருந்தால் அதுவும் அகச்சிவப்பில் ஒளிர்ந்து வானத்தை மறைத்துவிடும் என்பதால் திரவ ஹீலியத்தில் அமிழ்த்தி வைத்திருந்தார்கள். ஹீலியம் பத்து மாதத்தில் தீர்ந்தது, பணியும் முடிந்தது. ஆனால் அதற்குள் 12, 25, 60, 100 மைக்ரான்களில் சுமார் இரண்டரை லட்சம் பொருள்களைப் பட்டியலிட்டுவிட்டது.

அந்தப் பட்டியலை வைத்துச் செய்த முன்னோடி வேலைகளில் ஒன்று நம்மவர் பெயரில் இருக்கிறது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த எம். பார்த்தசாரதியும் நெதர்லாந்தின் ஸ்டூவர்ட் பொட்டாஷும் 1986-ல் எழுதிய கட்டுரை. ஹெச்டி 161796 போன்ற, பால்வீதித் தட்டிலிருந்து விலகி நிற்கிற சில மஞ்சள் பெருவிண்மீன்களை எடுத்துக்கொண்டார்கள். இளம் விண்மீன்களாக இருந்தால் அந்த இடத்தில் இருக்க நியாயமில்லை. ஐராஸ் தரவில் அவற்றைச் சுற்றிக் குளிர்ந்த தூசு தெரிந்தது. அது முன்பு வெளியேற்றிய தூசு, இவை ஏஜிபி கட்டத்தைத் தாண்டியவை என்று அவர்கள் காட்டினார்கள். இந்தத் துறையில் வருகிற கட்டுரைகளில் இன்றும் அந்தப் பெயர்களைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது.

ஹெச்டி 161796 மாதிரி விண்மீன்களில் தூசு ஓர் உறையாக விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. வரைபடத்தில் இரண்டு மேடு தெரியும்: விண்மீனுக்கு ஒன்று, தொலைதூர அகச்சிவப்பில் குளிர்ந்த தூசுக்கு ஒன்று. நடுவில் பள்ளம், அதாவது அருகே தூசு இல்லை. தனி விண்மீனிடம் எதிர்பார்க்க வேண்டியது இதுதான். தூசு உற்பத்தி நின்றுவிட்டது, ஏற்கெனவே உண்டானது போய்விட்டது.

ஆனால் வேறொரு கூட்டத்தில் அந்தப் பள்ளமே இல்லை. 2 மைக்ரானிலேயே கூடுதல் ஒளி தொடங்கி நீண்டு போகிறது. தூசு ஆவியாகிவிடும் எல்லைக்கோட்டிலிருந்தே தூசு இருக்கிறது என்று அர்த்தம். இப்போது தூசை உண்டாக்காத, சூடாகிவிட்ட ஒரு விண்மீனுக்கு அருகே அவ்வளவு சூடான தூசு எப்படி? எதுவோ அதைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. வெளியே தள்ளப்பட்டது கிரகங்களைப் போலச் சுற்றத் தொடங்கியிருக்கிறது. அப்படிச் சுற்ற வேண்டுமானால் கோண உந்தம், அதாவது சுழற்சியின் வேகமும் எடையும் சேர்ந்த உந்தம், வேண்டும். தனி விண்மீனிடம், அதுவும் இவ்வளவு பெருத்து மெதுவாகச் சுழலும் விண்மீனிடம், அது கிடையாது. பக்கத்தில் ஒரு துணை இருந்தால் உண்டு.

2006-ல் ஸ்டெஃபானி டி ரய்ட்டரும் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழுவும் 51 விண்மீன்களின் வரைபடங்களை இப்படி அலசி, வட்டு என்பது அபூர்வம் இல்லை என்று சொன்னார்கள். துணை விண்மீன் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்கும் வேலை அதைவிடப் பொறுமை கேட்பது. அதே லூவனைச் சேர்ந்த ஹான்ஸ் வான் விங்கலும் குழுவினரும் கேனரித் தீவுகளில் ஒன்றான லா பால்மாவில் இருக்கும் 1.2 மீட்டர் மெர்கேட்டர் தொலைநோக்கியில் 2009-லிருந்து இந்த விண்மீன்களின் நிறமாலையைத் திரும்பத் திரும்ப எடுத்து வருகிறார்கள். விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் ஆடுகிறதா என்பதுதான் கேள்வி. சுற்று முடிய ஐந்தாறு வருடம் ஆகும் என்றால் ஐந்தாறு வருடம் காத்திருக்கத்தான் வேண்டும். 2018-ல் 33 சுற்றுப்பாதைகளைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 100 நாளிலிருந்து 3,000 நாள் வரை. பெரிய தொலைநோக்கிகளில் இந்த மாதிரி வேலைக்கு யாரும் நேரம் தரமாட்டார்கள். சின்னத் தொலைநோக்கியையும் நீண்ட பொறுமையையும் வைத்துக்கொண்டு சாதித்த இந்த ஆய்வுக்கு உரிய பாராட்டு கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

அந்தச் சுற்றுப்பாதைகளே ஒரு புதிர். ஏஜிபி நிலையில் இருந்த விண்மீனை இந்தப் பாதைகள் பலவற்றுக்குள் வைத்தால் அடங்காது. அப்படியென்றால் துணை விண்மீன் அதன் மேலுறைக்குள்ளேயே புகுந்திருக்க வேண்டும். புகுந்தால் உராய்ந்து உள்ளே விழுந்து, பாதை சில மணி நேரமோ சில நாளோ ஆகச் சுருங்கியிருக்க வேண்டும். சுருங்கவில்லை. சரி, வாயுவை மெதுவாகக் கைமாற்றியிருக்கலாம் என்றால் பாதை வட்டமாகியிருக்க வேண்டும். பல பாதைகள் நன்றாகவே நீள்வட்டமாக இருக்கின்றன. வட்டே விண்மீன்களோடு உந்தத்தைப் பரிமாறிக்கொண்டு பாதையை நீட்டுகிறது என்று ஒரு யோசனை உண்டு. கணக்கு இன்னும் முழுதாகப் பொருந்தவில்லை.

படிகங்களுக்கு வருகிறேன். ஐஎஸ்ஓவுக்கு முன்னால் சாகும் விண்மீன்கள் வெளியேற்றும் சிலிக்கேட் தூசு ஒழுங்கற்றது, கண்ணாடியைப் போல அணுக்கள் அடுக்கில்லாமல் உறைந்தது என்றுதான் நினைத்திருந்தார்கள். 9.7 மைக்ரானிலும் 18 மைக்ரானிலும் அகலமான, வழுவழுப்பான இரண்டு மேடுதான் அதற்கு உண்டு. ஐஎஸ்ஓ 20 மைக்ரானுக்கு அப்பால் கூர்மையான மேடுகளைக் காட்டியபோது அவை எந்தக் கனிமம் என்று சொல்ல ஆய்வகங்களின் துணை தேவைப்பட்டது. ஜெர்மனியின் யேனாவிலும் ஜப்பானின் கியோட்டோவிலும் படிகங்களைப் பொடியாக்கி, அவற்றின் அகச்சிவப்பு உறிஞ்சலை அளந்து வைத்திருந்தார்கள். ஆலிவினில் இரும்பு கொஞ்சம் கலந்தாலே மேடு நீண்ட அலைநீளத்தின் பக்கம் நகர்ந்துவிடும். வானில் தெரிந்த மேடுகள் நகரவில்லை. ஏறக்குறைய இரும்பே இல்லாத, சுத்தமான மக்னீசியம் படிகங்கள். 1997-ல் நாமெல்லாம் பார்த்த ஹேல்-பாப் வால்மீனின் தூசிலும் ஐஎஸ்ஓ அதே ஃபார்ஸ்டரைட்டைக் கண்டது. சூரியக் குடும்பம் பிறந்தபோது மிச்சமான வால்மீனிலும், செத்துக்கொண்டிருக்கும் ஒரு விண்மீனின் வட்டிலும் ஒரே கல். வட்டு என்ற இடம் கிடைத்தால் இயற்கை அதில் ஒரே மாதிரி வேலைதான் செய்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

வட்டுள்ள விண்மீன்களில் இந்தப் படிகங்கள் மிக அதிகம் என்று ஃபிராங்க் மோல்ஸ்டர் 1999-ல் காட்டினார். ஸ்பிட்சர் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கி வந்த பிறகு, 2008-ல் கிளியோ கீலன் 21 இரட்டை விண்மீன்களின் வட்டுகளை அலசியபோது படிகங்கள் மட்டுமின்றிப் பெருத்த துகள்களும் இருப்பது தெரிந்தது. காற்றோடு ஓடிப்போகும் தூசுக்கு வளர நேரம் கிடைக்காது. வட்டில் நிற்கும் தூசுக்குக் கிடைக்கிறது. சூடாகும், குளிரும், மோதும், ஒட்டும், வளரும்.

இவற்றில் பெரும்பாலானவை வட்டைக் கண்ணால் பார்க்காமலே கண்டுபிடித்தவை. வட்டின் உள் விளிம்பையே நேராகப் படம் பிடித்தது 2016-ல். சிலியில் பரனால் மலை மேல் இருக்கும் நான்கு 1.8 மீட்டர் தொலைநோக்கிகளின் ஒளியைப் பயனியர் என்ற கருவியில் ஒன்றாகச் சேர்த்து, 150 மீட்டர் அகலக் கண்ணாடிக்குச் சமமான கூர்மையோடு ஐராஸ் 08544-4431 என்ற விண்மீனைப் பார்த்தார்கள். வேலா கூட்டத்தில், சுமார் 4,000 ஒளியாண்டு தொலைவில் இருப்பது. மிஷல் ஹிலன் எழுதிய அந்தக் கட்டுரையின் படத்தில் வட்டின் உள் விளிம்பு ஒரு வளையமாகத் தெரிகிறது. கணக்கு எங்கே இருக்க வேண்டும் என்று சொன்னதோ அங்கேயே, தூசு ஆவியாகும் எல்லையில். எதிர்பாராத ஒன்றும் இருந்தது. விண்மீனைப் படத்திலிருந்து கழித்துப் பார்த்தால் துணை விண்மீன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கலான ஒளி. துணை சின்ன விண்மீன்; சொந்த ஒளியில் அவ்வளவு தெரிய வாய்ப்பில்லை. அதைச் சுற்றியும் இன்னொரு குட்டி வட்டு இருக்கிறது, பெரிய வட்டிலிருந்தோ பெரிய விண்மீனிலிருந்தோ வாயு அதற்குள் விழுந்துகொண்டிருக்கிறது என்பதுதான் விளக்கம்.

பெரிய விண்மீனும் சும்மா இல்லை. தான் வெளியேற்றியதையே திரும்ப எடுத்துக்கொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

சிவப்புச் செவ்வகத்தின் விண்மீனில் இரும்பு சூரியனில் இருப்பதில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். அதை மட்டும் பார்த்தால் அண்டம் இளமையாக இருந்தபோது பிறந்த மிகப் பழைய விண்மீன் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே விண்மீனில் கார்பனும் கந்தகமும் ஏறக்குறைய சூரியனின் அளவிலேயே இருக்கின்றன. வான் விங்கலும் மதிஸும் வால்கன்ஸும் 1992-ல் துத்தநாகத்தை வைத்து இதற்கு ஒரு சோதனை சொன்னார்கள். விண்மீன்களில் இரும்பும் துத்தநாகமும் வழக்கமாகச் சேர்ந்தே கூடும், சேர்ந்தே குறையும். ஆனால் இரும்பு சுமார் 1,300 கெல்வினிலேயே தூசாகிவிடும். துத்தநாகம் 700 கெல்வின் அளவுக்கு இறங்கினால்தான் தூசாகும். இந்த விண்மீன்களில் இரும்பு அதலபாதாளத்தில் இருக்க, துத்தநாகம் அந்த அளவுக்குக் குறையவில்லை. தூசாகாததெல்லாம் இருக்கிறது, தூசானதெல்லாம் காணோம். களத்தில் நெல்லைத் தூற்றும்போது மணி ஒரு பக்கமும் பதர் ஒரு பக்கமும் விழுவதுபோல, வட்டில் வாயுவும் தூசும் பிரிந்துவிடுகின்றன. ஒளியின் தள்ளலில் தூசு வெளியே நிற்க, இரும்பில்லாத வாயு மட்டும் விண்மீனின் மேல் திரும்ப விழுகிறது. மேலுறை மெல்லியதாகிவிட்டதால் விழுந்த வாயுவே மேற்பரப்பின் சேர்மானத்தை மாற்றிவிடுகிறது. அந்த இரும்பெல்லாம் எங்கே என்று கேட்டால், வட்டில். படிகங்களில் அது தெரியாததில் ஆச்சரியமில்லை: தூய இரும்புத் துகளுக்கு அகச்சிவப்பில் தனி மேடு என்று எதுவும் கிடையாது.

ஆர்வி டாரி வகைத் துடிக்கும் விண்மீன்களிலும் இதே கோலம் இருப்பதைப் பெங்களூருவின் சுனேத்ரா கிரிதரும் டெக்சாஸின் டேவிட் லாம்பர்ட்டும் அவர்களோடு வேலை செய்தவர்களும் வரிசையாகப் பல கட்டுரைகளில் பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்த வகையில் ஒன்றை நான் அடிக்கடி பார்ப்பதுண்டு. யூ மோனோசெரோட்டிஸ். தை, மாசி இரவுகளில் சிரியஸுக்கும் புரோசியானுக்கும் நடுவே, சற்றுக் கிழக்கே தள்ளி, இருகண்ணோக்கியில் தெரியும். பக்கத்தில் இருக்கும் விண்மீன்களில் எதைவிடப் பிரகாசம், எதைவிட மங்கல் என்று பார்த்துக் குறித்துக்கொள்வேன். சில வாரம் கழித்துப் பார்த்தால் வரிசை மாறியிருக்கும். ஏறக்குறைய 92 நாளுக்கு ஒரு முறை அது ஆழமாக மங்கும். அதற்கு மேல் இன்னொரு நீண்ட ஏற்ற இறக்கமும் உண்டு, சுமார் ஆறே முக்கால் வருடத்துக்கு ஒரு சுற்று. துணையோடு சேர்ந்து சுற்றும்போது விண்மீன் வட்டின் விளிம்புக்குப் பின்னால் போய் வருவதால் வரும் மங்கல் அது. 2021-ல் லாரா வேகா இதை ஆராய்ந்தபோது ஹார்வர்டின் பழைய கண்ணாடிப் புகைப்படத் தட்டுகளையும், உலகெங்கும் ஆர்வலர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் பார்த்துக் குறித்தவற்றையும் பயன்படுத்தினார். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பதிவு. ஒரு தூசு வட்டின் நிழலை இருகண்ணோக்கி வைத்திருக்கும் யாரும் பின்தொடரலாம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆர்வமுள்ளவர்கள் இதைப் பார்க்கத் தொடங்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

சாகும் விண்மீனுக்கும் தூசு வட்டுக்கும் உள்ள வேறு சில தொடர்புகளையும் சொல்லிவிடுகிறேன், குழப்பம் வரக் கூடாது என்பதற்காக. முற்றிலும் செத்து வெள்ளைக் குள்ளன் ஆனவற்றைச் சுற்றியும் தூசு உண்டு. ஜி29-38 என்ற வெள்ளைக் குள்ளனில் 1987-ல் ஸக்கர்மனும் பெக்லினும் அகச்சிவப்பு மிகுதியைக் கண்டார்கள். அது ஒரு சிறுகோள் கிழிபட்ட தூசு என்று 2003-ல் மைக்கேல் ஜூரா விளக்கினார். ஹீலிக்ஸ் நெபுலாவின் மையத்திலும் ஸ்பிட்சர் தூசைக் கண்டது. இவை பழைய கிரகக் குடும்பத்தின் இடிபாடுகள். விண்மீனே கொட்டிய தூசிலிருந்து உண்டான வட்டுகளோடு இவற்றைச் சேர்த்துப் பேசக் கூடாது.

மிச்சம் இருப்பது பெரிய கேள்வி: இந்த வட்டுகளில் கிரகம் உண்டாகுமா?

செத்த விண்மீனைச் சுற்றிக் கிரகம் என்பது புதிது இல்லை. சூரியக் குடும்பத்துக்கு வெளியே உறுதியாகக் கண்டுபிடிக்கப்பட்ட முதல் கிரகங்களே 1992-ல் ஒரு பல்சாரை, அதாவது வெடித்துச் செத்த விண்மீனின் சுழலும் மிச்சத்தை, சுற்றித்தான் அகப்பட்டன. 2022-ல் ஜாக் க்ளுஸ்காவும் குழுவினரும் நம் பால்வீதியில் உள்ள 85 வட்டுகளை ஒன்றாக எடுத்து அகச்சிவப்பு நிறங்களை ஒப்பிட்டார்கள். அவற்றில் 8 முதல் 12 சதவீதம் வட்டுகளில் 2 மைக்ரான் ஒளி குறைந்து, நீண்ட அலைநீளத்தில் மட்டும் மிகுதி இருந்தது. அதாவது நடுவில் தூசு இல்லாத பெரிய ஓட்டை. இளம் விண்மீன்களின் வட்டில் இப்படி ஓட்டை இருந்தால் கிரகம் இருக்குமோ என்று சந்தேகப்படுவது வழக்கம். இன்னொன்றையும் பார்த்தார்கள். ஓட்டையுள்ள வட்டுகளின் விண்மீன்களில்தான் இரும்புப் பற்றாக்குறை கடுமையாக இருக்கிறது. பெரிய கிரகம் ஒன்று வட்டில் இருந்தால் தூசை வெளிப்பக்கமே தடுத்து வைக்கும், வாயுவை மட்டும் உள்ளே விடும். ஓட்டையும் பற்றாக்குறையும் ஒரே காரணத்தால் வந்தவை என்றால் இரண்டும் பொருந்திப் போகின்றன.

ஹெர்குலிஸ் கூட்டத்தில் உள்ள ஏசி ஹெர்குலிஸ் இந்த வகையில் முக்கியமானது. துணையோடு சுமார் 1,189 நாளுக்கு ஒரு முறை சுற்றுகிறது. அதன் வட்டில் தூசு, ஆவியாகும் எல்லைக்கு மிகவும் அப்பால்தான் தொடங்குகிறது. இரண்டு விண்மீன்களும் சேர்ந்து சுழல்வதால் நடுவில் ஓரளவு ஓட்டை விழுவது இயல்பு. ஆனால் கலிஃபோர்னியாவில் உள்ள காரா தொலைநோக்கி வரிசையில் சுற்றுப்பாதையை நேராக அளந்து 2023-ல் கணக்கிட்டபோது, அந்த இரண்டால் மட்டும் இவ்வளவு பெரிய ஓட்டையை உண்டாக்க முடியாது என்று தெரிந்தது. மூன்றாவதாக ஒன்று, கிரகமாக இருக்கலாம், அங்கே இருக்க வேண்டும் என்பது அந்தக் குழுவின் கருத்து.

என் கருத்தையும் சொல்கிறேன். இந்த வட்டுகளில் அடியிலிருந்து புதிதாகக் கிரகம் கட்ட நேரம் போதாது என்றே நினைக்கிறேன். இளம் விண்மீனின் வட்டுக்குச் சில மில்லியன் ஆண்டுகள் கிடைக்கின்றன. இந்த வட்டுகளின் ஆயுள் பத்தாயிரம், அதிகம் போனால் லட்சம் ஆண்டு என்ற கணக்கில்தான் வருகிறது. ஆனால் விண்மீன் பெருத்தபோது சாகாமல் தப்பிய பழைய கிரகம் ஒன்று வெளியே சுற்றிக்கொண்டிருந்தால் கதை வேறு. அதன் மேல் திடீரென்று ஒரு புது வட்டு வந்து சேர்கிறது. கரு ஏற்கெனவே இருக்கிறது, வாயுவையும் தூசையும் பிடித்துக்கொண்டால் போதும். ஏசி ஹெர்குலிஸில் நிஜமாகவே கிரகம் இருந்தால் அது இந்த வகையாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

இதைச் சோதிக்க முடியும். ஓட்டைக்குள் தூசு குறைவு, வாயு எவ்வளவு? ஆல்மா வானொலித் தொலைநோக்கிகள் கார்பன் மோனாக்சைடை வைத்து அளக்கலாம். வாயு தாராளமாக உள்ளே வந்து தூசு மட்டும் வெளியே நின்றால் தடுப்பது கிரகம் என்ற பக்கம் தராசு சாயும். இரண்டுமே இல்லையென்றால் வேறு காரணம் தேட வேண்டும். ஓட்டையுள்ள பத்துச் சொச்சம் விண்மீன்களையும் இரும்புப் பற்றாக்குறை வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் வாயுவையும் இப்படி அளந்து ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அளக்கும் நேரம் என் கையில் இருந்தால் ஏசி ஹெர்குலிஸுக்கு அடுத்து ஹெச்டி 52961-ஐ எடுப்பேன். சிவப்புச் செவ்வகத்தைவிடவும் இரும்பு குறைந்த விண்மீன் அது.